அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவை

லிலோங்வே நாடாளுமன்றத்தில்
பத்தொன்பது வருடம் சுருக்கெழுத்து என் பிழைப்பு.
பேசுகிறவர் முகத்தைப் பார்க்காதே,
சொல்லை மட்டும் பிடி என்பது பாடம்.
துசாயிவே முவாலுகாலி எழுந்தால் மட்டும்
பாடம் மறந்துவிடும் எனக்கு.

வடக்கே கரோங்கா தொகுதி.
அதற்கு முன் சிலும்பா படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவர்.
கோழிக்கு ஒரு சீட்டு, ஆட்டுக்கு ஒரு சீட்டு.
பிணத்துக்கு என்ன கட்டணமென்று
விதிப்புத்தகத்தில் இல்லாததால்
ஒரு பிணத்தைப் பயணியாகவே எழுதி
மேல்தளத்தில் காற்றோட்டமாக இடம் கொடுத்ததாகக்
கன்னிப்பேச்சில் சொன்னார்.
அவை குலுங்கியது.
(சிரிப்பு) என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.
அது தன் தங்கையின் பிணம் என்றார் பிறகு,
பிள்ளைப்பேற்றுக்கு அக்கரைக்குப் போனவள்.
அதன்பின் அவையில் நிகழ்ந்ததற்கு
எங்கள் கையேட்டிலும்
குறியீடு இல்லை.

ஏழே மாதம் நீர்வளத் துணை அமைச்சர்.
கோப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு அடிபம்பு.
முழங்கால் சேற்றில் நடந்து
அவர் எண்ணியது நாற்பத்தேழு.
மீதியை யார் யார் குடித்தார்கள் என்று
பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கியதும்
சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார்:
நீக்கப்படுகிறது.
அடுத்த பெயர். நீக்கப்படுகிறது.
அந்த ஒரு மதியத்தில்
என் சிவப்புப் பென்சில் பாதியாகத் தேய்ந்தது.

பதவி போன வாரம்
தேநீர் வேளையில் என் மேசைக்கு வந்தார்.
இடுப்பில் சித்தெஞ்சேத் துணி.
தலைவரின் முகம் அச்சடித்தது, அந்த முகம்
உட்காரும் பக்கம் வரும்படி கட்டியிருந்தார்.
"கோபத்தில் என்ன சொன்னேனோ, எனக்கே நினைவில்லை.
உங்களிடம் இருக்குமா?"
"எரித்துவிட்டோம், அம்மா" என்றேன்.
எரிக்கவில்லை.
வீட்டில் சோளமாவு டின்னுக்கு அடியில் இருந்தது.
எனக்கு வீட்டுக்கடன் இருந்தது.
இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கட்டணம் இருந்தது.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த தேர்தலில் தோற்றார்,
நாற்பத்தோரு ஓட்டில்.
வானொலிக்காரன் ஒலிவாங்கியை நீட்டினான்.
"நாற்பத்தோரு பேரையும் தெரியும்,
பாதிப்பேர் எனக்கு இன்னும்
படகுச்சீட்டுக் கடன் பாக்கி" என்றார்.

பிறகு நாவல் எழுதினார்,
பழைய நிகழ்ச்சிநிரல் தாள்களின் பின்பக்கத்தில்.
ஆங்கிலத்தில் இல்லை,
சிச்சேவாவில்கூட இல்லை,
தன் ஊர்க் கியாங்கொண்டேயில்.
இந்த மொழியில் யார் வாங்குவார்கள் என்று
அச்சகத்தான் தலையைச் சொறிந்தானாம்.
"என்னைத் தோற்கடித்தவர்கள்" என்றாராம்.

வாங்கினார்கள்.
படகுத்துறையில், உசிப்பாக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே,
பணமில்லாதவர்கள் இரண்டு குவளை அரிசி அளந்து.

எனக்கு அந்த மொழி வராது.
ஓய்வுபெற்ற பின் எங்கள் தெரு இரவுக் காவலாளி,
கரோங்காக்காரன் முவாபுலிர்வா,
டார்ச் வெளிச்சத்தில் வரி வரியாகப் பெயர்த்துச் சொன்னான்.
பம்புகள் இருந்தன. பெயர்கள் இருந்தன,
ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து மாற்றி.
எதுவும் மறக்கவில்லை அவருக்கு.
பின்னே என்னிடம் ஏன் கேட்டார்?

பதினொன்றாம் அத்தியாயத்தில்
ஒரு சுருக்கெழுத்தர் வருகிறான்.
வழுக்கை, இடக்கைப் பழக்கம்,
காதில் சிவப்புப் பென்சில்.
எல்லோரும் போனபின்
சட்டைக்குள்ளிருந்து தாள்கட்டை எடுத்து
அவள் கையில் வைக்கிறான்.
கை நடுங்குகிறது, ஆனாலும் வைக்கிறான்.

முவாபுலிர்வா டார்ச்சைத் திருப்பி
என் தலையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.
"ஐயா, இது நீங்களா?"

உள்ளே டின்னுக்கு அடியில்
கறையான் ஒரு மூலையிலிருந்து
வாசிக்கத் தொடங்கி வெகுநாளாகிறது.

"அடுத்த பக்கம் படி" என்றேன்.